பிணியும் பெருமிதமும்

நோயுற்றுக் கிடந்த ஒருவர் குணமடைந்து மீண்டும் தம் பணிக்குத் திரும்பினார் என்னும் செய்தியைக் கேட்டு மகிழாதார் இலர். அந்நோய் மூளையில் தோன்றிய கட்டியாகவும், அப்பணி அறிவையும் உடலையும் ஒருங்கே பிழிந்தெடுக்கும் பணியாகவும் இருப்பின், அம்மகிழ்ச்சி வியப்பாகவே வளர்ந்துவிடுகிறது. ஆதலின் இத்தகைய வரலாறுகள் ஞாயிறு மலர்களிலும், சங்கங்களின் ஆண்டு மலர்களிலும், பள்ளிப் பாராட்டு விழாச் சொற்பொழிவுகளிலும் அடிக்கடி இடம்பெறுகின்றன. அவற்றை மாணவர்க்குப் படித்துக் காட்டும் ஆசிரியரும் உளர். கதையையும் கவிதையையும் திறனாயும் நாம், இவ்வகை எழுத்தையும் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது நன்று.

செராஸ் வட்டாரத்தில், பண்டார் துன் ரசாக்கில், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை 1997ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. துவாங்கு முஹ்ரிஸ் வேந்தர் மருத்துவமனை என்பது அதன் இன்றைய பெயர். மக்கள் வாயில் அது இன்னும் எச்.யு.கே.எம். தான். மூளை நரம்பு அறுவைக்கும் அங்குப் பிரிவு உண்டு. அத்தகைய பிரிவின் வாயிலில் காத்திருக்கும் குடும்பத்தாரின் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. “பிழைப்பாரா?” என்பது ஒன்று. “பழையபடி வேலைக்குப் போவாரா?” என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு மருத்துவர் சில நாளில் ஒருவாறு விடை கூறிவிடுகிறார். இரண்டாம் வினாவுக்கு மாதங்கள் சென்ற பின்னரே விடை கிடைக்கிறது. சிலருக்கு ஆண்டுகளும் ஆகின்றன.

அந்த இரண்டாம் வினாவைப் பொருளாகக் கொண்டு எழுதப்படும் நம் கட்டுரைகள் கூறுவது என்ன? “மன உறுதியால் நோயை வென்றார்” என்னும் ஒரு தொடரே அவற்றின் தொடக்கமும் முடிவுமாக உள்ளது. கேட்பதற்கு இனிய தொடர்தான். ஆயின் அதனை அடுத்த கட்டிலின் அருகே நின்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். அங்கே கிடந்தவர் பிழைக்கவில்லை. மன உறுதியே பிழைத்தவரைப் பிழைப்பித்தது என்றால், இறந்தவருக்கு உறுதி போதவில்லை என்று பொருள்படுமன்றோ? ஒருவரைப் புகழ எழுதிய வரி, எழுதியவர் அறியாமலே மற்றொருவர் மீது சாட்டிய குற்றமாகிவிடுகிறது. அக்குற்றச்சாட்டைச் சுமந்துகொண்டு வீடு திரும்பும் கைம்பெண்ணும் பிள்ளைகளும் நம் வாசகர்களே.

நம் நூல்கள் தரும் அளவுகோல்

இவ்வகை எழுத்தை அளக்க அயல்நாட்டுக் கோட்பாட்டைத் தேடி அலைய வேண்டுவதில்லை. வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளாகிய 950ஆம் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துள்ளார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதனைத் தருபவர் என்னும் நால்வகையும் சேர்ந்ததே மருத்துவம் என்பது அவர் கருத்து. நம் கட்டுரைகளில் முதற்கூறு ஒன்றே முழுப் பக்கத்தையும் அடைத்துக்கொள்கிறது. மருத்துவர் ‘கைராசிக்காரர்’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறார். மருந்தின் பெயர் வருவதே இல்லை. இரவெல்லாம் கண்விழித்த மனைவிக்கு இறுதி வரியில் ஒரு நன்றி கிடைக்கிறது. நான்கில் மூன்றை விட்டு எழுதியது முழு வரலாறு ஆகுமா?

இரண்டாவது அளவுகோல் தொல்காப்பியருடையது. மெய்ப்பாட்டியலில் அவர் எண்வகைச் சுவைகளையும் ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்களையும் வகுத்துக் காட்டுகிறார். பிணியை அவர் வைத்த இடம் இளிவரல். முதுமையால், நோயால், துன்பத்தால், எளிமையால் மனிதன் தன்னைத் தாழ்வாக உணரும் நிலையே அது. பெருமிதத்தையோ அவர் வேறிடத்தில் வைத்தார். கல்வி, அஞ்சாமையாகிய தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கினின்றும் அது பிறக்கும் என்றார். நம் கட்டுரையாளர் இளிவரலின் வாயிலில் ஒரு கணமும் நில்லாமல் தறுகண்ணின் பெருமிதத்துக்குத் தாவிவிடுகின்றனர். படுக்கையில் சிறுநீர் கழித்த நாணமும், மகளின் பெயர் நாவில் வாராத கலக்கமும், கண்ணாடியில் தன் மொட்டைத் தலையைக் கண்டு முகந்திருப்பிய நாளும் இல்லாமல் பெருமிதம் மட்டும் வந்தால், அது விளம்பரப் பலகையின் பெருமிதமாகவே இருக்கும்.

இவ்விரண்டு அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு, நோயினின்றும் பணிக்குத் திரும்பியோர் தாமே எழுதிய மூன்று நூல்களை இனிக் காண்போம். அதற்கு முன், ‘மன உறுதி’ என்னும் காரணத்தை ஒரு வரலாற்றுச் சான்றால் சோதித்துவிடுவது முறை.

ஒரு படைத்தலைவரின் சான்று

அமெரிக்கப் படைத்தலைவர் லியனார்ட் வுட் 1898இல் கியூபாவில் தலையில் அடிபட்டவர். பின்னாளில் அவருடைய மூளை உறையில் கட்டி வளர்ந்து, வலிப்பும் இடக்கால் தளர்ச்சியும் உண்டாயின. 1905இல் செய்த அறுவையால் நோய் தீரவில்லை. 1910ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹார்வி குஷிங் என்னும் அறுவை மருத்துவர் அக்கட்டியை எடுத்தார். மூளை அறுவையைத் தனித்துறையாக வளர்த்த முன்னோடிகளில் குஷிங் தலையானவர். அவ்வாண்டு ஏப்ரலிலேயே வுட் அமெரிக்கத் தரைப்படையின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். 1921 முதல் பிலிப்பைன்ஸ் தீவுகளின் ஆளுநர் நாயகமாகவும் இருந்தார். 1906இல் அவருடைய படைகள் அத்தீவுகளின் மோரோ மக்கள்மீது நடத்திய படுகொலையை வரலாறு மறக்கவில்லை. ஈண்டுப் பேசப்படுவது அவர் பெருமையன்று, அவர் நோயே.

கட்டி மீண்டும் வளர்ந்தது. 1927ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதே குஷிங் மறுபடியும் அறுவை செய்தார். சில மணி நேரத்தில் வுட் உயிர் நீத்தார். நோயாளி ஒருவரே, மருத்துவர் ஒருவரே, உள்ளத்தின் உறுதியும் முன்னிருந்ததே. 1910இல் வாழ்வித்த உறுதி 1927இல் எங்கே சென்றது? கட்டி பரவிய அளவும், குருதிப்பெருக்கும், அகவையும் வேறாக இருந்தன. மன உறுதி நோயாளிக்குத் துணையாவது உண்மை. நடைப்பயிற்சிக்கு எழவும், கசந்த மருந்தை விழுங்கவும் அது வேண்டும். ஆயின் அதனை நோய் தீர்ந்ததற்குக் காரணமாக எழுதுவது பிழை. துணையைக் காரணமாக்குவது தருக்க நூலார் கடியும் குற்றம்.

கரின்தியின் நகை

முதல் நூல் ஹங்கேரி நாட்டு எழுத்தாளர் ஃபிரிஜெஸ் கரின்தி 1937இல் வெளியிட்டது. ‘என் மண்டையோட்டைச் சுற்றி ஒரு பயணம்’ என்பது அதன் பெயரின் பொருள். கரின்தி நகைச்சுவை எழுத்தாளர்; நாளிதழுக்கு ஓயாது எழுதிப் பிழைத்தவர். 1936ஆம் ஆண்டு மார்ச்சில் புடாபெஸ்ட் நகரத்துக் காப்பிக் கடை ஒன்றில் மாலையில் அமர்ந்திருந்தபோது, புகைவண்டி ஒன்று இரைந்து செல்லும் ஓசை அவர் காதில் விழுந்தது. அத்தெருவில் இருப்புப் பாதை இல்லை. ஓசை வந்தது அவர் தலைக்குள்ளிருந்து. பின்னர்த் தலைவலியும் வாந்தியும் வந்தன; பார்வையும் மங்கியது. கண்ணின் பின்புறத்து நரம்பு வீங்கியிருந்ததைக் கண்ட பின்னரே மூளையில் கட்டி இருப்பது தெளிவாயிற்று. அது சிறுமூளைப் பகுதியில் இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் ஸ்டாக்ஹோம் நகரில் ஹெர்பர்ட் ஒலிவெக்ரோனா என்னும் மருத்துவர், தலைப்பகுதியை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கவே அறுவை நிகழ்த்தினார்.

தன் மண்டையோட்டைத் துளையிடும் ஓசையைத் தானே கேட்டுக் கிடந்தவன் அதனை எழுதும்போது எச்சுவையைக் கொள்வான்? அச்சத்தையோ அழுகையையோ நாம் எதிர்பார்க்கிறோம். கரின்தி நகையைக் கொண்டார். நகை பிறக்கும் இடங்களுள் எள்ளலைத் தொல்காப்பியர் முதலில் வைத்தார். கரின்தி எள்ளியது தம்மைத்தான். நோயாளியைக் காண வரும் நண்பர் கூட்டத்தின் பாசாங்கும், தம்முடைய சிறுமையும் அவர் எள்ளலுக்கு ஆளாகின்றன. அந்நகைக்கு அடியில் இளிவரல் மறையாமல் கிடக்கிறது. இவ்விரு சுவையும் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்பதே நூலின் சிறப்பு.

மருத்துவர் அவர் நூலில் ‘கைராசிக்காரர்’ அல்லர். அவருடைய அளந்த பேச்சும் முறைதவறாத செயலும் நம் கண்முன் நிற்கின்றன. குறையும் உண்டு. நரம்பு நோய்த்துறையில் பழகிய மருத்துவரான மனைவி, நோயைக் கண்டறிவதிலும் அயல்நாட்டு அறுவைக்கு வழி தேடுவதிலும் பெரும்பங்கு கொண்டவர். நகையின் வேகத்தில் அவர் உழைப்பு பல இடங்களில் ஓரமாக ஒதுங்கிவிடுகிறது. பணிக்குத் திரும்பிய நாட்களைப் பற்றியும் நூல் மிகுதியாகப் பேசவில்லை. எனினும் எழுத்தே அவர் பணியாதலின், அந்நூலே அவர் திரும்பியதற்குச் சான்றாகும். 1938ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் மறைந்தார். அறுவைக்குப் பின் கிடைத்தவை இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மிகுதியான நாட்கள். இரண்டு ஆண்டு வாழ்ந்தவரை ‘மீண்டார்’ எனலாமா என்று ஒருவர் வினவலாம். அந்த இரண்டு ஆண்டில் இந்நூல் பிறந்தது என்பதே அதற்கு விடை.

புடாபெஸ்ட் நகரத்தார் ஒருவர் தக்க மருத்துவரைத் தேடி ஸ்டாக்ஹோம் செல்ல வேண்டியிருந்த காலம் அது. இந்தியாவில் அப்போது மூளை அறுவைக்கெனத் தனித்துறையே இல்லை. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல்தான் முதல் துறையைத் தொடங்கினார். சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி 1950இல் தொடங்கினார். அதற்கு முன் நம் ஊர்களில் தலைவலியால் துடித்து, கண் மங்கி, வலிப்பு வந்து மாய்ந்தவர்களின் நோய் பேயென்றும் செய்வினையென்றும் பெயர்பெற்றது. அவர்களுக்கும் மன உறுதி இருந்தது. குறளின் நாற்கூற்றில் இரண்டாவது கூறு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

லிப்ஸ்காவின் சாட்சிகள்

இரண்டாம் நூல் 2018இல் வெளிவந்தது. ‘தன் மனத்தை இழந்த நரம்பியல் அறிஞர்’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். எழுதியவர் பார்பரா லிப்ஸ்கா. உடன் எழுதியவர் எலெய்ன் மக்ஆர்டில். போலந்தில் பிறந்த லிப்ஸ்கா, அமெரிக்கத் தேசிய மனநல நிலையத்தில், ஆய்வுக்காக மனித மூளைகளைச் சேர்த்துப் பாதுகாக்கும் பிரிவின் இயக்குநராக இருந்தவர். மனச்சிதைவு நோய் மூளையில் எவ்வாறு வேர்கொள்கிறது என்பதை ஆராய்வதே அவர் வாழ்நாள் தொழில்.

2015ஆம் ஆண்டு சனவரியில் ஒரு காலை, கணிப்பொறியை இயக்க நீட்டிய தம் வலக்கை கண்ணுக்குப் புலப்படாமற் போனதை அவர் கண்டார். முன்பு தோலில் தோன்றிய மெலனோமா என்னும் புற்று மூளைக்குப் பரவியிருந்தது. குருதி கசிந்த கட்டியை அறுவையால் எடுத்தனர். கதிர் மருத்துவமும், உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய மருந்துகளும் தொடர்ந்தன. இடையில் மேலும் பல கட்டிகள் தோன்றின, மூளை வீங்கியது.

இவ்விடத்தில்தான் நூல் ஒப்பற்றதாகிறது. பழகிய தெருவில் அவர் வழி தவறினார். நிறுத்திய காரைக் கண்டுபிடிக்க இயலாமல் அலைந்தார். கணவரிடமும் பேரக்குழந்தைகளிடமும் காரணமின்றிச் சினந்தார். ஆயினும் தமக்கு ஒரு குறையும் இல்லை என்றே உறுதியாக நம்பினார். மூளையின் முன்மடல் பழுதானால், பழுதை அறியும் அறிவே பழுதாகிவிடும். முப்பது ஆண்டுகள் பிறர் மனநோயை ஆராய்ந்தவர், அது தம் வீட்டுக்குள் வந்து அமர்ந்ததை அறியவில்லை. மருந்துகள் வேலை செய்து வீக்கம் வடிந்த பின்னரே, கடந்த மாதங்களில் தாம் யாராக இருந்தோம் என்பது அவருக்குத் தெரிந்தது.

ஆகவே அம்மாதங்களை எழுதத் தம் நினைவு மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்தார். கணவரும், மருத்துவரான மகளும், பிற உறவினரும் கண்டவற்றைக் கேட்டுத் தம் நினைவோடு ஒப்பிட்டார். குறளின் நான்காம் கூறாகிய அருகிருப்போர் இந்நூலில் நன்றிக்குரியவராக மட்டும் நிற்கவில்லை; சாட்சிகளாகவும் நிற்கின்றனர். ‘நான் தளரவில்லை, நான் கலங்கவில்லை’ என்று தன்னிலையில் மட்டும் எழுதப்படும் நம் வரலாறுகள், மூளைநோயைப் பொறுத்தவரை ஏன் ஐயத்துக்குரியவை என்பது இதனால் விளங்கும். கலங்கியவனுக்குத் தன் கலக்கம் தெரியாமல் இருத்தலே அந்நோயின் ஒரு கூறாக இருக்கலாம்.

குறை கூற வேண்டுமாயின் ஒன்று உண்டு. லிப்ஸ்கா ஓட்டமும் நீச்சலும் பழகிய வீராங்கனை. தளராமல் ஓடும் தம் இயல்பை அவர் பலவிடத்தும் பெருமையோடு கூறுகிறார். அங்கெல்லாம் நம் கட்டுரைகளின் நோய் அவர் நடையையும் சற்றே தொற்றிவிடுகிறது. ஆயின் அவருடைய அறிவியல் நேர்மை அதனை உடனே திருத்துகிறது. எந்த மருந்து, எந்த நாளில், எந்தப் படத்தில் என்ன மாற்றத்தைக் காட்டியது என்பதை அவர் மறைக்கவில்லை. பணிக்குத் திரும்பியபோது ஒரு கண்ணின் பார்வையை இழந்தே திரும்பினார் என்பதையும் மறைக்கவில்லை.

கலாநிதியின் கணக்கு

மூன்றாம் நூல் தமிழ் வாசகர்க்கு உறவுடையது. பால் கலாநிதி 1977இல் அமெரிக்காவில் பிறந்தவர். தமிழகத்திலிருந்து சென்ற கிறித்துவக் குடும்பத்தின் மகன். ‘கலாநிதி’ என்றால் கலைகளின் செல்வம். ஈழத்தில் அச்சொல் முனைவர் பட்டத்தையும் குறிக்கும். பெயருக்கேற்ப அவர் முதலில் ஆங்கில இலக்கியம் பயின்று, பின்னர் மருத்துவம் கற்று, ஸ்டான்ஃபோர்டில் மூளை அறுவைப் பயிற்சியில் இருந்தார். பிறர் மூளையிலுள்ள கட்டிகளை எடுப்பது அவர் அன்றாட வேலை. 2013ஆம் ஆண்டு மே மாதத்தில், 36ஆம் அகவையில், அவருக்கே நுரையீரல் புற்று முற்றிய நிலையில் இருப்பது தெரிந்தது. பிற்காலத்தில் அது மூளைக்கும் பரவியது. அவர் எழுதி முடிக்காமல் விட்ட நூல் 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘மூச்சு காற்றாகும்போது’ என்பது அதன் பெயரின் பொருள்.

மூளைக்கட்டியால் வருந்திப் பிழைத்தவர் வரிசையில் அவர் சேரார். எனினும் பணிக்குத் திரும்புதல் என்பதை அவரைப்போல் ஆழமாக எழுதியவர் அரியர். அவருடைய புற்றில் குறிப்பிட்ட ஒரு மரபணு மாற்றம் இருந்தது. அதனால் நாள்தோறும் விழுங்கும் ஒரு மாத்திரைக்கே கட்டிகள் சுருங்கின. அம்மாற்றம் இல்லாதவர்க்கு அம்மாத்திரை அவ்வாறு பயன்படாது. அவர் மீண்டும் அறுவைக்கூடம் புக வாய்த்தது அவ்வுயிரணுவின் எழுத்தால். இதனை மருத்துவராகிய அவர் நன்கறிந்திருந்தார், அறிந்தபடியே எழுதினார்.

திரும்பிய முதல் நாள் அறுவையின் நடுவே தலைசுற்றி, மீதியை உடனிருந்த இளைய மருத்துவரிடம் விட்டு ஒதுங்க நேர்ந்தது. பின்னர் நாளடைவில் வலிமை கூடி, முழுப்பொறுப்பையும் ஏற்றார். நம் கட்டுரையாளராயின் அங்கே முற்றுப்புள்ளி வைத்து ‘வாகை சூடினார்’ என்று முடித்திருப்பர். கலாநிதி முடிக்கவில்லை. கைகள் பழைய திறத்தை அடைந்துவிட்டன. தொழிலில் முன்பிருந்த மகிழ்ச்சியோ திரும்பவில்லை என்று அவர் ஒப்புக்கொள்கிறார். வலியும் குமட்டலும் களைப்பும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. பணிக்குத் திரும்புவது வேறு, பழைய தன்னிடம் திரும்புவது வேறு என்பதை இதனினும் தெளிவாக எவரும் கூறல் அரிது.

‘எத்தனை நாள் உளேன் என்று தெரிந்தால், என்ன செய்வதென்று முடிவு செய்வேன்’ என்பதே அவருக்கு இருந்த சிக்கல். நீண்ட காலம் எனின் அறுவைத் தொழில். குறுகிய காலம் எனின் எழுத்து. அவருடைய புற்று மருத்துவர் எண்ணைக் கூறாமல், ‘உமக்கு எது மதிப்புடையது?’ என்ற வினாவையே திரும்பத் திரும்ப வைத்தார். பயிற்சியின் இறுதிக் காலத்தில் புதிய கட்டி தோன்றியதும் அவர் அறுவைக்கூடத்தை விட்டு நீங்கினார். 2014இல் மகள் பிறந்தாள். 2015ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் எழுதாமல் விட்ட இறுதியை மருத்துவரான மனைவி லூசி பின்னுரையில் எழுதி நிறைவு செய்தார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்தவர் என்னும் நாற்கூறும் இந்நூலில் ஒருங்கே அமைந்துள்ளன.

இதற்கும் ஒரு தடை கூறலாம். தொழிலைத் தவம்போல் உயர்த்திப் பேசும் அவர் நடையில் மயங்குபவர், ஓய்வு கொள்வதைக் குற்றம் என்று எண்ணிவிடக்கூடும். மேலும் அவருக்காக அவர் இடம் காத்திருந்தது. ஊதியமும் மருத்துவ வசதியும் காத்திருந்தன. யாவர்க்கும் அவ்வாறு காத்திருக்குமா என்னும் வினா நூலுக்குள் எழவில்லை.

எவர்க்கு எப்பணி காத்திருக்கும்?

அவ்வினா தோட்டப்புறத்திலிருந்து படிப்பவர்க்கு எழாமல் இராது. பால்மரக் காட்டில் நாட்கூலிக்கு உழைத்தவன் படுத்த நாளுக்குக் கூலி கண்டதில்லை. தலைவலி என்று தோட்டத்து டிரெசரிடம் சென்றவன் மாத்திரையோடு மறுநாள் மரத்தடிக்கே திரும்பினான். அதனை எவரும் ‘பணிக்குத் திரும்பிய வீரம்’ என்று எழுதியதில்லை. லயத்து அடுப்பு அணையாதிருக்க அவன் திரும்பித்தான் ஆக வேண்டும்.

அந்நிலை சட்டத்தால் சிறிது மாறியது. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1971இல் ‘சொக்சோ’ அமைந்தது. வேலையிடத்து விபத்துக்கும் தொழில்சார் நோய்க்கும், உழைக்க இயலாது போகும் நிலைக்கும் அது காப்பு அளிக்கிறது. நோயும் விபத்தும் வீழ்த்திய தொழிலாளரை மீண்டும் வேலைக்கு ஆயத்தப்படுத்தும் திட்டத்தை அது 2007இல் தொடங்கியது. பயிற்சியாளரும், முதலாளியோடு பேசி வேலையை நோயாளியின் ஆற்றலுக்கேற்ப மாற்றித் தர முயலும் அலுவலரும் அதில் உண்டு. ஒருவர் பணிக்குத் திரும்பிய வரலாற்றை எழுதுபவர், அவரைத் திரும்பச் செய்த இத்தகைய ஏற்பாடுகளையும் எழுதுதல் வேண்டும். படிக்கும் மற்றொரு நோயாளி ‘உறுதியாக இரு’ என்னும் அறிவுரையால் பெறுவதைவிட, எந்த அலுவலகத்தில் எந்தக் கதவைத் தட்டலாம் என்னும் செய்தியால் பெரும்பயன் அடைவார்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

இது தொலைவில் உள்ளோர் கதையன்று. மூளை அறுவைக்குப் பின் வகுப்பறைக்குத் திரும்பும் ஆசிரியர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். கட்டி இருந்த இடத்தைப் பொறுத்து அவருக்குற்ற குறை அமைந்திருக்கும். பேச்சுக்குரிய பகுதியாயின், நன்கறிந்த மாணவன் பெயர் நாவில் நின்றுவிடும். சிறுமூளையாயின், கரும்பலகையின் பக்கம் திரும்பும்போது கால் தடுமாறும். எப்பகுதியாயினும் மூன்றாம் பாடவேளையில் சொல்லொணாக் களைப்பு வந்து சேரலாம். வரவேற்பு விழாவில் மாலையிட்டு, ‘முழுமையாக மீண்டு வந்த மாவீரர்’ என்று அவரைப் புகழ்ந்துவிட்டோம். மறுநாள் அவர் ‘எனக்கு இயலவில்லை, ஒரு பாடவேளையைக் குறைத்துத் தாருங்கள்’ என்று எவரிடம் சென்று கேட்பார்? நாம் சூட்டிய புகழே அவர் வாயை அடைத்துவிடும். இளிவரலை எழுத இடம் தராத எழுத்து, இளிவரலைச் சொல்லவும் இடம் தருவதில்லை. அவர் மேசைமேல் தலைசாய்த்துக் கிடப்பதைக் கண்டு, ‘நலமாகிவிட்டார் என்றார்களே, சோம்பலோ?’ என்று பேசுவோரும் அப்புகழுரையைக் கேட்டவர்களாகவே இருப்பர்.

ஆகவே மாணவர்க்கு இத்தகைய கட்டுரைகளைப் படித்துக் காட்டும்போதும், அவர்களை எழுதச் செய்யும்போதும், ஆசிரியர் சில வினாக்களைக் கேட்கப் பழக்கலாம். நோயின் பெயரும் இடமும் கூறப்பட்டனவா? மருத்துவரும் மருந்தும் கதையில் உண்டா? அருகிருந்தவர் கண்டது என்ன? திரும்பியவர் எதனை இழந்து திரும்பினார்? அவருக்காகப் பிறர் எதனை மாற்றிக் கொடுத்தனர்? பிழைக்காதவர் ஒருவரின் வீட்டார் இதனைப் படித்தால் புண்படாமல் இருப்பரா? இவ்வாறு வினாக்களுக்கும் விடை உள்ள கட்டுரை நடையில் எளியதாயினும் மெய்யானது.

பெருமிதம் வேண்டா என்பது இதன் பொருளன்று. தொல்காப்பியர் பெருமிதம் பிறக்கும் நான்கு இடங்களில் கல்வியையே முதலில் வைத்தார். தறுகண்ணை அதன் பின்னரே வைத்தார். நம் கட்டுரைகள் தறுகண்ணின் பெருமிதத்தை மட்டும் அறிந்தவை. மேலே கண்ட மூன்று நூல்களும் காட்டுவது கல்வியின் பெருமிதத்தை. தலைக்குள் ஓடிய புகைவண்டி எங்கிருந்து வந்தது என்று கரின்தி அறிய விழைந்தார். தாம் தாமாக இல்லாத மாதங்களைப் பிறரிடம் கேட்டு லிப்ஸ்கா அறிந்தார். எஞ்சிய நாளில் எது மதிப்புடையது என்று கலாநிதி அறிந்தார். ஒருவர் இரண்டு ஆண்டே வாழ்ந்தார். ஒருவர் ஒரு கண்ணொளி இழந்து வாழ்ந்தார். ஒருவர் நூலை முடிக்காமலே மறைந்தார். நோயை வென்றவர், தோற்றவர் என்ற பட்டியலில் இம்மூவரையும் ஒழுங்காக அடுக்க இயலாது. தமக்கு நேர்ந்ததை அறிந்து, அறிந்ததை மறையாமல் பிறர்க்குச் சொன்னவர் என்ற வரிசையிலோ மூவரும் ஒருங்கே நிற்கின்றனர். அவ்வரிசையில் பிழைத்தவர்க்கும் இடமுண்டு, பிழையாதவர்க்கும் இடமுண்டு.